துணைக்குப் போனவன்

செத்துப்போனவர் பச்சியப்பன். கொன்றதாகச் சொல்லப்படுகிறவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் பெரியண்ணன். ஆயுதம், தினமும் காலையில் வெறும் வயிற்றில் அண்ணன் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்த ஒரு டம்ளர் கீழாநெல்லிச் சாறு. அரூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்குத் தராமல் தானே பிடித்துக்கொண்ட என் முதலாளி சலாவுதீன் இந்த மூன்றையும் விரல் விட்டுச் சொல்லிவிட்டு, நாலாவது விரலை மடக்காமல் வைத்திருந்தார்.

"நாலாவது என்னங்க பாய்?"

"நம்பிக்கை. மேல சொன்ன மூணுலயும் எனக்கு அது இல்ல."

சலாவுதீன் பாய் இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்க்கிற வேலையில் இருந்தவர். ஒரு ஊரில் செத்தவரே கதவைத் திறந்து, "ஆமாங்க, போயிட்டாருங்க, பாவம்" என்றாராம். அதற்குப் பிறகு தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டினார். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பன் கேட்கத்தான் வருகிறார்கள். நான் காவேரி. டைப் அடிக்க வந்தவள், இரண்டு வருஷமாக வாயடித்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தின நாள் படியேறி வந்தவள் பன் கேட்கவில்லை. பச்சியப்பனின் மனைவி தீர்த்தம்மாள். தாலி இறக்கிய கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினாள்.

"எங்க மூத்தாரு கொன்னாரா இல்லியான்னு எனக்கு நெசம் தெரியணுங்க. கொன்னிருந்தா ஜெயிலுக்குப் போவட்டும். கொல்லாட்டி வூட்டுக்கு வரட்டும். ரெண்டுக்கும் நடுவுல கெடந்து என்னால தூங்க முடியலீங்க."

"அவரு மேல உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்துச்சும்மா?"

"கெணத்து மோட்டாருக்கு ரெண்டு பேருக்கும் சண்டைங்க. காமாலை வந்தப்பறம் தெனமும் சாறு ஊத்திக் குடுத்தது அவருதான். டவுனு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சுனேன். கேக்கல. காளியப்பன் வைத்தியருகிட்டத்தான் போவணும்னு பஸ் ஏத்திட்டாரு. பஸ்ஸுல எம் மடியிலதான் தல வெச்சுக் கெடந்தாரு மனுசன். கண்ணு ரெண்டும் பூவரசம் பூ மாதிரி மஞ்சளா இருந்துச்சுங்க. அப்பறம் ஒரு மாசந்தான்."

பெரியண்ணனை விசாரணைக்கென்று ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட புகார் இன்று பொழுது சாய்வதற்குள் வந்தால் கேஸ், வராவிட்டால் ஆளை விட்டுவிடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதாவது தீர்த்தம்மாள் கையில் பேனாவை எடுப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண் ஒன்று, கண்ணம்மாள். "பெரியப்பன் எங்கம்மா?" என்று கேட்டுத் துளைக்கிறதாம்.

அரூரில் இறங்கி நேராக டாக்டர் ராணியம்மாளின் கிளினிக்குக்குப் போனோம். பச்சியப்பனைக் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். பேச்சு மட்டும் புண்ணில் பட்ட ஸ்பிரிட் மாதிரி சுரீரென்றது.

"விஷம் விஷம்னு சொல்லி என் நேரத்தக் கெடுக்க வந்தீங்களா பாய்?"

"விஷம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா, கெடுக்காம எழுந்து போயிடறோம்."

"விஷம் இல்ல. உட்காருங்க."

மேஜை மேல் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு காகிதம் இருந்தது. அதைத் தொடாமலே டாக்டர் பேசினார்.

"காமாலையில பல சாதி இருக்கு. பி-ன்னு ஒரு வைரஸ். ரத்தத்துல பரவும். எத்தனையோ பேரு உடம்புல சத்தமில்லாம குடியிருக்கும், ஆளுக்கே தெரியாது. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற இன்னொண்ணு டெல்டா. பத்து வருஷம் முன்னாடிதான் இத்தாலியில கண்டுபிடிச்சாங்க. அதால தனியா பொழைக்க முடியாது. பி இருக்கிற உடம்புலதான் அதுக்கு வாழ்வு."

"வூட்டோட மாப்பிள்ளைங்களா?" என்றேன்.

"வூட்டோட மாப்பிள்ளை மாமனார் சாகறவரைக்கும் காத்திருப்பான்மா. இது வந்த கையோட வூட்டக் கொளுத்துது. பி மட்டும் வந்தவங்கள்ல பெரும்பாலும் எழுந்து நடமாடிடறாங்க. ரெண்டும் சேர்ந்தா பல பேரு படுத்த படுக்கையிலயே போயிடறாங்க."

"எத்தனை பேருக்கு இருக்கும்?" என்று பாய் கேட்டார்.

"யாரு எண்ணினாங்க? தேடினாத்தானே கிடைக்கும். இந்த ஜில்லாவுல அதுக்குச் சோதனையே கிடையாது. மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல என் சினேகிதி இருக்கா. ரத்தத்த ஐஸ்ல வெச்சு பஸ்ஸுல அனுப்பறேன். பி இருந்த முப்பது பேரோடத அனுப்பினேன். ஆறு பேருக்கு டெல்டா. அந்த ஆறுல நாலு பேர் இன்னிக்கு இல்ல, பச்சியப்பனோட சேர்த்து."

"இருக்கிற ரெண்டு பேரு?"

"ஒருத்தரு பெரியண்ணன். தம்பி செத்த அன்னிக்கு அவரு கண்ணைப் பார்த்துட்டு நானாத்தான் ரத்தம் எடுத்தேன். சொல்லலாம்னா அவரு லாக்கப்புல இருக்காரு."

"இதுக்கு மருந்து?"

டாக்டர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "படுங்கங்கறேன். குளுக்கோஸ் ஏத்தறேன். சாராயத்தத் தொடாதீங்கங்கறேன். இத மருந்துன்னு சொன்னா நானும் காளியப்பனும் ஒண்ணுதான். வர்றதுக்கு முன்னாடி போட்டா தடுக்க பி-க்கு வெளிநாட்டு ஊசி ஒண்ணு வந்திருக்காம். வந்தப்பறம் அதுவும் வீண்."

பாய் மேஜையில் விரலால் தட்டினார். "செத்த மத்த மூணு பேரும் யாருங்க?"

"ஒரு பையன். அப்பனுக்குக் காமாலைன்னு ரெண்டு மாசம் முன்னாடி அவனேதான் இங்க கூட்டிகிட்டு வந்தான். அப்பறம் ஒரு பொண்ணு, தங்கச்சியத் தூக்கிகிட்டு வந்தவ. இன்னொருத்தன் லாரி கிளீனர், பக்கத்து வூட்டுக்காரரோட வந்தான்."

"அந்த அப்பன்?"

"ஏர் ஓட்டறாரு."

"தங்கச்சி?"

"நல்லாருக்கா."

"பக்கத்து வூட்டுக்காரரு?"

"அவருதான் உசுரோட இருக்கிற ரெண்டாவது ஆளு." டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "பெரியண்ணனுக்கு முதல்ல காமாலை வந்தப்ப அவர இங்க கூட்டிகிட்டு வந்தது பச்சியப்பன்."

"ஆக, நோய் வந்தவன் பொழைக்கறான். அவனுக்குத் துணைக்குப் போனவன் சாகறான். ஒண்ணா சாப்பிட்டா இது ஒட்டுமா?"

"ஒட்டாது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்தத் தொடணும்."

"துணைக்கு வந்தவங்களுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

"பெஞ்சு குடுப்பேன்."

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இவங்க எல்லாம் எங்க போனாங்க?"

"எங்க போவாங்க? காளியப்பன்கிட்டதான். முழங்கைக்குக் கீழ மூணு கீறலோடதான் எல்லா நோயாளியும் இங்க வருவான்."

"நோயாளி கையில கீறல், சரி. துணைக்கு வந்தவன் கையில?"

துணைக்கு வந்தவன் கையை எந்த டாக்டர் பார்த்தார்?

காளியப்பன் வைத்தியரின் இடம் தீர்த்தமலை போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கிக் கொள்ளுக்காட்டு வரப்பில் நடக்கிற தூரத்தில் இருந்தது. நான் நோயாளி, பாய் என் துணை என்று பேசி வைத்துக்கொண்டோம். நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொள் என்றார். உங்களிடம் சம்பளம் வாங்குகிற முகமே போதும் என்றேன்.

வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். பார்த்ததும் ஒன்று உறைத்தது. தனியாக ஒருவர்கூட இல்லை. கல்யாண ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல் மாதிரி எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள்.

வைத்தியர் ஒல்லியான மனிதர். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பிறகு கையைக் கழுவிக்கொண்டார்.

"உனக்குக் காமாலை இல்ல தாயி. வாய்க்கொழுப்புத்தான் இருக்குது. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

மரத்தடி முழுக்கச் சிரித்தது. பாயும் சிரித்தார், துரோகி. ஆனாலும் இந்த ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. தட்சிணைத் தட்டு இல்லை, வெற்றிலையைத் தவிர எதையும் வாங்கவில்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எங்கள் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

ஓரமாக நின்று பார்த்தோம். ஒரு பெரியவரும் அவருடைய மருமகனும் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தேங்காய்த் தொட்டியில் பச்சையாக ஏதோ இலைச்சாறு. காலையில் சாமிக்கு முன் கற்பூரத்தில் ஒருமுறை காட்டிய சின்னக் கத்தி. அதைச் சாற்றில் தோய்த்து, பெரியவரின் கையில் மேலாக மூன்று கீறு. ரத்தம் பொடித்த இடத்தில் சாற்றைத் தேய்த்தார். கத்தியை மறுபடி அதே தொட்டியில் தோய்த்தார். மருமகன், யாரும் சொல்லாமலே, சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். பாய் குறுக்கே போய் நின்றார். "ஐயா, அவருக்குத்தான் நோயே இல்லியே. அவரு கையில எதுக்குக் கத்தி?"

"துணைக் கீறல்." இது தெரியாதவனும் உண்டா என்பதுபோல வைத்தியர் பார்த்தார். "நான் நோய எறக்குனா அது எங்க போவும்? பக்கத்துல நிக்கறவன் மேல ஏறும். ஏறாம இருக்கத்தான் அவனுக்கும் போடறது. கீறாத துணை இல்லாம எங்க பரம்பரையில யாருக்கும் வைத்தியம் கெடையாது."

அந்தக் காலத்தில் யாரோ ஒரு பாட்டன், காமாலைக்காரனோடு போனவனும் காமாலையில் விழுவதைக் கவனித்திருக்கிறான். கவனித்தது சரிதான். அதற்குக் கண்டுபிடித்த பரிகாரம்தான் ஆளைக் கொல்கிறது.

பாய் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். டாக்டரின் காகிதத்தைப் பற்றிச் சொன்னார், செத்த நாலு பேரைப் பற்றியும் சொன்னார். கத்தியைக் கொதிக்க வையுங்கள், ஆளுக்கொரு புது பிளேடு வையுங்கள் என்று கெஞ்சினார்.

"கொதிக்க வெச்சா மருந்து ஏறாது பாயி." வைத்தியரின் தாடை ஆடியது. "நான் கொன்னேங்கறியா? எங்கிட்ட வந்து பொழச்சவங்கள எண்ணியிருக்கறயா நீ? இந்தச் சுத்துப்பட்டுல எந்த ஊருக்கு வேணாலும் போய்க் கேளு."

காமாலை வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தானாகவே பிழைத்துவிடுகிறார்கள். அத்தனை பேரும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். செத்தவர்கள் இரண்டு மாதம் கழித்து வேறெங்கோ செத்தார்கள், அவர் கண்ணில் படவே இல்லை.

மருமகன் பயந்து கையை இழுத்துக்கொண்டான். பெரியவர் அவனை முறைத்தார். "வழியில போறவ கத்துனான்னு வைத்தியர அவமானப்படுத்தறதா? நீட்டுடா கையை." அவன் என்னைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், கையை நீட்டிவிட்டான். நான் கத்தியைப் பிடுங்கப் பாய்ந்தேன். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பாய் எதுவும் செய்யாமல் நின்றார். எங்கள் கண் முன்னால் மூன்று கீறல் விழுந்தது.

அடுத்த ஜோடி வந்தது. வைத்தியர் துணைக்கு வந்தவனைப் பார்த்துக் கையை வீசினார். "நீ போன மாசமே உங்க சித்தப்பனோட வந்து போட்டுகிட்டவனாச்சே. ஒரு தடவ கீறுனவன் மறுபடி துணைக்கு ஆவ மாட்டான். போயி வேற ஆளக் கூட்டிகிட்டு வா." அவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனான். பாய் அவன் போவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெரியண்ணனுக்குக் காமாலை வந்தப்ப துணைக்கு யாரு வந்தாங்க?"

"அவந் தம்பிதான். ராமர் லட்சுமணர் மாதிரி வந்தாங்க, போனாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை பாய் எனக்குத் தந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"கேஸ் முடிஞ்சுதுங்க பாய். சாத்துல விஷமும் இல்ல, மோட்டார் சண்டையும் காரணம் இல்ல. அண்ணன் ரத்தம் கத்தியில ஏறித் தம்பிக்குப் போயிருக்கு. பெரியண்ணன் தெரிஞ்சு ஒண்ணும் செய்யல. தீர்த்தம்மா பேனாவ எடுக்க வேண்டியதில்ல. அந்தப் பாப்பாவுக்குப் பெரியப்பன் கெடைச்சாச்சு. ஒரு காபி வாங்கித் தாங்க."

பாய் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"காபி வேண்டாம், டீயாவது."

"காவேரி, பச்சியப்பனுக்குக் காமாலை வந்தப்பறம் அவரக் காளியப்பன்கிட்ட யாரு கூட்டிகிட்டுப் போனாங்க?"

"பெரியண்ணன்."

"பெரியண்ணன் ஏற்கெனவே கீறுன ஆளு. அவரு துணைக்கு ஆவ மாட்டாரு. துணையில்லாம அங்க வைத்தியம் கெடையாது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கொள்ளுக்காடு ஓடிக்கொண்டிருந்தது. பச்சியப்பனின் தலை பஸ்ஸில் யார் மடியில் இருந்தது என்று முந்தின நாள் அவளே எங்களிடம் சொல்லியிருந்தாள். நான் அதைக் குறிப்பில்கூட எழுதியிருந்தேன், பூவரசம் பூ நன்றாக இருக்கிறதே என்று.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மரத்தடியில. அந்தப் பையன எழுப்பி அனுப்பினாரே, அப்ப."

"அதுக்கப்பறம் வைத்தியருகிட்ட அத ஏன் கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரேன்னுதான்" என்றார் பாய். இருபது வருஷம் பிணங்களோடு வேலை பார்த்தவர் சொன்ன பதில் அது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வைத்தியர் மேல் என்ன செக்ஷன் போடுவது என்று அவருக்கே தெரியவில்லை. "புகார் குடுக்க ஒரு ஆளு வேணும் பாய். அந்தாளுக்கு எதிரா இந்தத் தாலுகாவுல யாரு குடுப்பா?" என்றார். பிறகு பெரியண்ணனைப் பார்க்க விட்டார்.

பெரியண்ணன் பேருக்கு ஏற்ற ஆகிருதி. லாக்கப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் லேசாக மஞ்சள் தங்கியிருந்தது. பாய் கம்பிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் மேல் குற்றம் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

"எம் ரத்தத்துல இருந்துதான் தம்பிக்குப் போச்சுங்களா?"

"கத்தி கொண்டுபோச்சுங்க. நீங்க இல்ல."

"அன்னிக்கு எனக்கப்பறம் தம்பி கையை நீட்டுனான். அப்பறம் அவன் படுத்தப்ப, அவனுக்கப்பறம்..." நிறுத்திவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தாங்க சொன்னேன். கெணத்தங்கரையில சண்டை போட்ட வாயாலயே சொன்னேன், நான் துணைக்கு ஆவ மாட்டேன், நீ போட்டுக்க தாயின்னு."

பெரியண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"அதுக்கு மருந்து இருக்குதுங்களா?"

"இல்லீங்க. அவங்களுக்குள்ள போயிருக்கா இல்லியான்னே இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் போனாத்தான் தெரியும். போகாம இருந்தாலும் இருக்கலாம்."

பெரியண்ணன் எழுந்து கம்பியைப் பிடித்தார். குரல் திடீரென்று உரத்தது. "எஸ்.ஐ. அய்யாவ வரச் சொல்லுங்க. நாந்தான் வெச்சேன். அரளி வெதைய அரைச்சு சாத்துல ஊத்துனேன். எழுதிக்கச் சொல்லுங்க."

"என்னய்யா பேசறீங்க?" என்றார் பாய்.

"அவகிட்ட இதச் சொல்லாதீங்க பாயி, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். மருந்தில்லாத நோயத் தெரிஞ்சு அவ என்ன பண்ணப் போறா? தெனமும் கண்ணாடியில கண்ணப் பாத்துப் பாத்தே செத்துப்போவா. நான் ஜெயிலுக்குப் போயிட்டா என்னைத் திட்டிகிட்டே பொழுத ஓட்டிடுவா. திட்டறதுக்காச்சும் அவளுக்கு ஒரு ஆளு இருக்கட்டும்."

விடுதலை செய்யலாம் என்று போன இடத்தில், குற்றமில்லாதவன் தண்டனை கேட்டு நிற்கிறான். அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பாயைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அவரு சொல்றதுல என்னங்க தப்பு? சொல்லி என்ன ஆவப் போவுது? டாக்டரம்மாவாலயே ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. பேசாம விட்டுட்டா, வராமலே போனாலும் போவும். அந்த ரெண்டு மாசமாச்சும் நிம்மதியா இருப்பாங்க."

"வந்துட்டா?"

"வந்துட்டா வரட்டும்."

"வந்தா முதல்ல எங்க போவாங்க?"

"காளியப்பன்கிட்ட."

"புருஷன் போயிட்டாரு. மூத்தாரு ஜெயில்ல, இருந்தாலும் கீறுன ஆளு. துணைக்குக் கீறாத கை வேணும், காவேரி. அந்த வூட்டுல கீறாத கை இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

பாய் இதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தாழ்வாரம் சின்னது. உள்ளேயிருந்து பெரியண்ணன் சுவரில் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் ஓடிப் போய் அவரைப் பிடித்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் தீர்த்தம்மாள் வந்தாள். பள்ளிக்கூடத்துப் பையோடு பெண்ணும் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேஜையில் எடுத்து வைத்துவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணம்மாளை நான் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன். அது அம்மாவின் புடவையை விடவில்லை.

பாய் சொன்னார். எத்தனையோ கேஸில் அவர் இத்தனை எளிய வார்த்தைகளில் பேசி நான் கேட்டதில்லை. விஷம் இல்லை என்றபோது தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். துணைக் கீறல் என்றபோது திறந்தாள். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஜாக்கெட் கைக்குக் கீழே முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆறிப்போன மூன்று கோடுகள், நகக்கீறல் அளவுக்குத்தான் இருந்தன.

"நெசம் வேணும்னு நாந்தானுங்களே கேட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு சட்டென்று குனிந்து பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பெண்ணைக் கூட்டிப் போகவில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "இவள அங்க கூட்டிட்டுப் போயிராதீங்க, யாரு சொன்னாலும்" என்றேன் நான்.

சப்-இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறந்து பெரியண்ணனை வெளியே விட்டார். நெற்றியில் ரத்தம் கட்டியிருந்தது. வாசல் வரை வந்தவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பாய் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வருமா வராதான்னு சொல்ல முடியாதுங்கறீங்க."

"முடியாதும்மா. நாளைக்கே டாக்டரம்மாகிட்ட வாங்க, ரத்தம் அனுப்பலாம்."

"எங்க மூத்தாருக்கு எத்தினி காலம் ஓடும்?"

"பல வருஷம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். டாக்டரம்மாவுக்கே தெரியாது."

"எங்க ரெண்டு பேருல ஒருத்தராச்சும் இவ பெரியவளாவற வரைக்கும் இருப்பமாங்க?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற சலாவுதீன் பாய் என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு குறும்பு வைத்திருக்கிற நான் தரையைப் பார்த்தேன். அவள், பதில் கிடைத்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். மேஜை மேல் இருந்த தாளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூத்தார் எதிரில் வந்தால் தம்பி பெண்டாட்டி ஒதுங்கி நிற்கிற ஊர் அது. தீர்த்தம்மாள் படியில் இறங்கி, எல்லாரும் பார்க்கப் பெரியண்ணனின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"எந்திரிங்க மாமா. இவளுக்காக நீங்க ஒடம்பப் பாத்துக்கோணும். நாளைக்கு மொதல்ல உங்களத்தான் டாக்டரம்மாகிட்ட கூட்டிகிட்டுப் போறேன்."